சாட்ஸ்-வாஸ்க் கால்குலேட்டர்: கணக்கு சரி, கேள்விதான் தமிழில் இல்லை

ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப், என்று எழுதி வந்த அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் போனில் சாட்ஸ்-வாஸ்க் என்ற பக்கவாத ஆபத்துக் கணக்கைப் போட்டுவிடுகிறார். ஆச்சி பள்ளத்தூரில், பேரன் சிங்கப்பூரில். ஈசிஜி படம் வாட்ஸ்அப்பில் போன கால் மணி நேரத்தில் 'ஸ்கோர் நாலு, ரத்தம் உறையாத மாத்திரை போடணும்' என்று பதில் வந்துவிடும். அந்த நாலு சரிதானா என்பதுதான் இந்த ரிவ்யூ. எம்டி கால்க் என்ற டாக்டர் கால்குலேட்டர் தளம் முதல் மருந்து கம்பெனிகள் அச்சடித்துத் தரும் அட்டை வரை எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கணக்கு. அதனால் எந்தச் செயலி அழகு என்பதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். ஏஎஃபில் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இடது மேலறையோடு ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பினால் பெரும்பாலும் மூளை ரத்தக்குழாயில் போய் அடைக்கும். ஏஎஃப் இருந்தால் பக்கவாத வாய்ப்பு மொத்தத்தில் சுமார் ஐந்து மடங்கு. ஆனால் 45 வயதில் வேறு எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும், 80 வயதில் சுகர், பிரஷர் இரண்டும் உள்ளவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க 2001-இல் 'சாட்ஸ்' என்ற கணக்கு வந்தது. 2010-இல் அதை விரித்து 'சாட்ஸ்-வாஸ்க்' ஆக்கினார்கள்.

மார்க் போடும் முறை இது. இதயச் செயலிழப்புக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1. வயது 65 முதல் 74 வரை 1, 75 முடிந்தால் 2. முன்பு பக்கவாதமோ, வந்து போன மினி ஸ்ட்ரோக்கோ, வேறெங்காவது கட்டி போய் அடைத்ததோ இருந்தால் 2. மாரடைப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு, பெருந்தமனியில் கொழுப்புப் படிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் 1. பெண் என்றால் 1. முழு மார்க் 9. இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் சந்தோஷம்.

அமெரிக்க வழிகாட்டுதலில் (2023) ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 வந்தால் ரத்தம் உறையாமைக்கு மருந்து கட்டாயம் என்கிறார்கள். அதற்கு ஒன்று குறைந்தால் பேசி முடிவெடுக்கலாம். ஐரோப்பியர்கள் 2024-இல் பெண்ணுக்கான மார்க்கையே எடுத்துவிட்டார்கள். அவர்கள் கணக்கில் இருபாலாருக்கும் 2 வந்தால் கட்டாயம், 1 வந்தால் யோசிக்க வேண்டும். மகன் ஒரு செயலியிலும் மருமகள் இன்னொன்றிலும் போட்டு ஒரு மார்க் வித்தியாசம் வந்தால் சண்டை வேண்டாம். ஒன்று பழைய பதிப்பு, ஒன்று புதியது, அவ்வளவுதான். முடிவு பெரும்பாலும் மாறாது.

வேகத்துக்கும் விலைக்கும் முழு மார்க் கொடுக்கலாம். ஏழெட்டுப் பெட்டி, பத்து நொடி, காசு இல்லை. மார்க்குக்குப் பக்கத்தில் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வரும் என்றும் காட்டுகிறது. 2 என்றால் 2.2, 3 என்றால் 3.2, 4 என்றால் 4.8, 5 என்றால் 7.2, 6 என்றால் 9.7. இந்த எண்கள் 2012-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்விலிருந்து வந்தவை. அதே பட்டியலில் 7-க்கு 11.2, 8-க்கு 10.8 என்று இருக்கும். மார்க் கூடினால் ஆபத்து குறையுமா என்று பயப்பட வேண்டாம். அந்த உச்சியில் ஆள் எண்ணிக்கை குறைவு, அதனால் வந்த தள்ளாட்டம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டு யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று தெரிந்தால் போதும்.

குறை ஆரம்பிப்பது பெட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பதில். செயலியில் இருப்பது டாக்டருக்கான ஆங்கிலக் கேள்வி. அதை நம் ஊர்ப் பேச்சில் அப்படியே கேட்டால் பாதிப் பதில் தப்பாக வரும்.

பிரஷர் பெட்டியைப் பாருங்கள். "ஆச்சி, உங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்று கேட்டால், "இருந்துச்சப்பா, மாத்திரை போட்டதும் சரியாப் போச்சு, இப்ப இல்ல" என்று வரும். பேரன் 'இல்லை' என்று தட்டிவிடுவான். இந்தக் கணக்கில் மாத்திரையால் அடங்கியிருக்கும் பிரஷருக்கும் 1 உண்டு. கேட்க வேண்டியது இப்படி: "பிரஷருக்குன்னு எப்பவாவது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காகளா? இப்பவும் சாப்பிடுறீகளா?" சர்க்கரைக்கும் அதே கதைதான். 'கன்ட்ரோல்ல இருக்கு' என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை வருகிறதென்றால் இந்த இரண்டு பெட்டிக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வயதுப் பெட்டிதான் சுலபம் என்று நினைப்போம். இங்கே அதுவும் வழுக்கும். 'எழுபத்தஞ்சு நடக்குது' என்று சொன்னால் முடிந்தது 74. செயலி கேட்பது முடிந்த வயது, எனவே 2 அல்ல, 1. ஆதாரில் உள்ள பிறந்த தேதி பல பெரியவர்களுக்கு உத்தேசமாகப் போட்டது. அதைவிட நம்பகமான ஒன்று முகப்பில் மாட்டியிருக்கும் சாந்திப் படம். அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ, தேதியோடு இருக்கும். ஆனால் அது ஐயாவின் வயதுக்கு நடந்தது. ஆச்சிக்குப் போடும்போது இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்க மறந்துவிடக் கூடாது.

மிகப் பெரிய தப்பு நடப்பது 2 மார்க் உள்ள பக்கவாதப் பெட்டியில். தமிழில் 'வாதம்' என்ற சொல் ரொம்பத் தாராளம். முகவாதம் என்று ஒரு பக்கம் முகம் கோணிப் போனது பெரும்பாலும் முக நரம்பு வீக்கம்; அதற்கு மார்க் இல்லை. முடக்குவாதம் மூட்டு நோய், அதற்கும் இல்லை. மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் வேறு ரகம். அதை இந்தப் பெட்டியில் போடாமல் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து முடிவையே அது மாற்றும். பழைய சிடி ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அடைப்பா, கசிவா என்று அதில் இருக்கும். மறுபக்கம், மார்க் கிடைக்க வேண்டிய மினி ஸ்ட்ரோக் யார் நினைவிலும் இருக்காது. அரை மணி நேரம் வாய் குழறி, வலது கையில் டம்ளர் நிற்காமல் நழுவி, பிறகு தானாகச் சரியாகிப் போயிருக்கும். வீட்டில் அதற்குப் 'பித்த மயக்கம்' என்று பேர் வைத்து எலுமிச்சை ரசம் கொடுத்து முடித்திருப்பார்கள். 'ஸ்ட்ரோக் வந்திருக்கா' என்று கேட்டால் இது வெளியே வராது. "கொஞ்ச நேரமாவது ஒரு பக்கம் கை கால் வராமப் போச்சா, பேச்சு குழறுச்சா, ஒரு கண்ணுல மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டுச்சா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆச்சியை மட்டும் கேட்டால் போதாது. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவரையும், சமையலுக்கு வருபவரையும் கேட்க வேண்டும்.

அடுத்தது 'நரம்பு'. நமக்கு ரத்தக்குழாயும் நரம்புதான், உணர்வு நரம்பும் நரம்புதான். 'கால்ல நரம்பு அடைப்பு' என்றால் எது? நரம்புச் சுருட்டலுக்கு மார்க் இல்லை. காலில் ரத்தம் உறைந்து வீங்கியதற்கும் இந்தப் பெட்டியில் மார்க் இல்லை, அது சிரை நோய். சர்க்கரையால் பாதம் எரிவதற்கும் இல்லை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது, டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்) பார்த்து தமனியில் அடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் 1. மாரடைப்பு வந்திருந்தால் 1. ஸ்டென்ட், பைபாஸ் செய்யும் அளவுக்கு இதயத் தமனி அடைப்பு இருந்தாலும் இன்றைய வழிகாட்டுதல்படி சேர்க்கலாம். மூன்றும் இருந்தாலும் 1-க்கு மேல் கிடையாது.

இதயச் செயலிழப்புப் பெட்டிக்கு 'ஹார்ட் வீக்' என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். லேசான படபடப்புக்கும் அதையே சொல்லி அனுப்புவார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் பம்பிங் எவ்வளவு என்று பாருங்கள், 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகமில்லை. பம்பிங் நன்றாக இருந்தும் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால், இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாவிட்டால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த வகைக்கும் மார்க் உண்டு. மஞ்சப் பையில் தண்ணி மாத்திரை (நீர் பிரிய வைப்பது) இருப்பது ஒரு துப்பு மட்டுமே. கிட்னிக்கும் அதைத்தான் கொடுப்பார்கள்.

ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 'எழுபத்தஞ்சு நடக்கும்' ஆச்சி, சுகர் உண்டு, பிரஷர் 'இப்ப இல்ல'. அவசரக் கணக்கில் வயதுக்கு 2, பெண் 1, சுகர் 1, மொத்தம் 4. சரியாகக் கேட்டால் வயதுக்கு 1 தான். ஆனால் பிரஷர் மாத்திரை தினம் காலையில் போகிறது, அதற்கு 1. ஆறு வருஷத்துக்கு முந்தைய 'பித்த மயக்கம்' உண்மையில் மினி ஸ்ட்ரோக், அதற்கு 2. சுகர் 1, பெண் 1. மொத்தம் 6. வருஷ ஆபத்து 4.8-லிருந்து 9.7-க்கு, கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு கணக்கிலும் மருந்து வேண்டும் என்றுதான் வரும். ஆனால் 'ரத்தம் வந்துருமோ, மாத்திரையை நிறுத்திருவோமா' என்று வீட்டில் பேச்சு எழும் நாளில் 4-ஐக் கையில் வைத்திருப்பதும் 6-ஐக் கையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல.

இந்தப் பொருளில் மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. வால்வுக்குப் பெட்டி இல்லை. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போவது நம் நாட்டில் இன்னும் பார்க்கும் விஷயம். 42 வயது பெண், பிரஷர் இல்லை, சுகர் இல்லை, வால்வு நன்றாகச் சுருங்கியிருக்கிறது, ஏஎஃப் வந்துவிட்டது. செயலி 1 என்று காட்டும், அதுவும் பெண் என்பதற்காக. புதிய ஐரோப்பியப் பதிப்பில் முட்டை. உண்மையில் அவருக்குக் கட்டி உறையும் ஆபத்து மிக அதிகம். மார்க்கே பார்க்காமல் மருந்து தொடங்க வேண்டும், அதுவும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகைதான். 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் வால்வு நோயோடு ஏஎஃப் உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிட இந்தப் பழைய வகையே நன்றாக வேலை செய்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதே விதி. கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு எக்கோ எடுக்கச் சொல்வது இதனால்தான். எக்கோ கையில் இல்லையென்றால் குறைந்தது இதைக் கேளுங்கள்: "சின்ன வயசுல மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு வருஷக் கணக்கா போட்டாகளா? வால்வுக்கு பலூன் வச்சாகளா?" ஆமாம் என்றால் செயலியை மூடிவிடலாம். இதயத் தசை தடித்துப் போகும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் மார்க் பார்க்காமல்தான் மருந்து.

இன்னொன்று, இந்தக் கணக்கு ஏஎஃப் இருப்பது உறுதியானவருக்கு மட்டும். ஸ்மார்ட் வாட்ச் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று சொன்னதை வைத்து ஸ்கோர் போடக் கூடாது. பன்னிரண்டு லீட் ஈசிஜியிலோ, விரல் வைத்து எடுக்கும் சின்னக் கருவியில் 30 நொடி ஓடிய பதிவிலோ டாக்டர் பார்த்து ஏஎஃப் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சின்னக் கருவி பெரிய வளவு வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு உண்மையிலேயே உபயோகம். ஏஎஃப் சிலருக்கு வந்து வந்து போகும். காரைக்குடிக்குப் போய் ஈசிஜி எடுப்பதற்குள் துடிப்பு சரியாகியிருக்கும். படபடக்கும்போதே வீட்டில் பதிவு செய்தால் ஆதாரம் கையில். வந்து போகும் ஏஎஃபுக்கும் மார்க் கணக்கு அதேதான், சலுகை இல்லை.

அந்தக் கருவியில் பதிவு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்து தடித்திருக்கும், மின்சாரம் பிடிக்காது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த கை என்றால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் தசை நடுக்கம் ஈசிஜியில் விழுந்து, ஏஎஃப் மாதிரியே ஏமாற்றும். மேசையிலோ மடியில் வைத்த தலையணையிலோ முழங்கையை ஊன்றி, பேசாமல் 30 நொடி. போன் சார்ஜில் இருக்கக் கூடாது. 'வகைப்படுத்த முடியவில்லை' என்று வந்தால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கெட்டது என்றும் வேண்டாம். மறுபடி எடுங்கள், மூன்றாம் தடவையும் அதேதான் என்றால் பிடிஎஃபை டாக்டருக்கு அனுப்புங்கள். பிரஷர் கருவியில் ஏஎஃப் எச்சரிக்கை உள்ள மாடல்களும் உண்டு. அவையும் சந்தேகம் எழுப்ப மட்டும்தான்.

ரத்தக் கசிவு ஆபத்துக்கு 'ஹாஸ்-பிளெட்' என்று ஒரு தம்பிக் கணக்கும் அதே செயலிகளில் இருக்கிறது. 3 வந்தால் ஆபத்து அதிகம். மாத்திரை வேண்டாம் என்று சொல்ல இதைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு, அதற்காகச் செய்ததல்ல. இதிலுள்ள மாற்றக் கூடிய பெட்டிகளைத் தேடி மாற்றுவதற்குத்தான் இது. மேல் அழுத்தம் 160-க்கு மேல் போகிறதா, குறையுங்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் மூட்டுவலி மாத்திரையா, நிறுத்துங்கள். அசிட்ரோம் சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண்) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்காமல் ஏறி இறங்குகிறதா, முருங்கைக் கீரை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லை என்று போகிறதா என்று பாருங்கள். கீரையை விட வேண்டாம், அளவை ஒரே மாதிரி வையுங்கள்.

'பயமா இருக்கு, ஆஸ்பிரின் மட்டும் போட்டுக்கிறோம்' என்ற சமரசத்தை எந்தக் கால்குலேட்டரும் தடுப்பதில்லை, தடுக்க வேண்டும். 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வருஷத்துக்கு 3.7 சதவீதம் பக்கவாதமோ கட்டி அடைப்போ வந்தது, புதிய ரக மாத்திரையான அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்கு 1.6. பெரிய ரத்தக் கசிவு இருபக்கமும் ஏறக்குறைய சமம். கசிவுக்குப் பயந்து ஆஸ்பிரினுக்கு ஓடுவதில் லாபம் எதுவும் இல்லை.

ஸ்கோர் போட்ட பிறகு டோஸில் நடக்கும் தப்புக்கும் செயலியில் காவல் இல்லை. அதே ஆச்சி, முடிந்த வயது 74, எடை 48 கிலோ, கிரியாட்டினின் 1.1. லேப் ரிப்போர்ட்டில் 1.1 'நார்மல்' என்று இருக்கும். கிட்னி வடிகட்டும் அளவைப் போட்டுப் பாருங்கள்: 140-இல் வயதைக் கழித்தால் 66, எடை 48-ஆல் பெருக்கி, 72-ஐ 1.1-ஆல் பெருக்கியதால் வகுத்தால் 40, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க 34. ரிவரோக்சபான் என்றால் 20 மில்லிகிராம் கூடாது, 15 தான், அதுவும் வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, ராத்திரிப் பலகாரத்தோடு போட வேண்டும். அபிக்சபான் என்றால் நேர்மாறான தப்பு நடக்கும். ஒல்லியான வயசாளி என்று 2.5 கொடுத்துவிடுவார்கள். 80 வயது, 60 கிலோவோ அதற்குக் கீழோ, கிரியாட்டினின் 1.5-ஓ அதற்கு மேலோ, இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. இவருக்கு எடை ஒன்றுதான், எனவே முழு டோஸ் 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. டோஸை மாற்றுவது டாக்டர் வேலை. ஆனால் எடையை அளந்து சீட்டின் மேல் எழுதிக்கொண்டு போவது நம் வேலை. எடை தெரியாமல் எழுதிய சீட்டு நிறைய உலவுகிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது வால்வுக்காக. கணக்கை ஒரு தடவை போட்டு லேமினேட் செய்து வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிறந்த நாள் தாண்டினால் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து வந்தால் ஒரு தடவை மறுபடி போடுங்கள். துடிப்பு சரியாகிவிட்டது, துடிப்பைச் சரிசெய்யும் அப்லேஷன் சிகிச்சை செய்தாகிவிட்டது என்றாலும் மாத்திரையைத் தொடர்வது ஸ்கோரைப் பார்த்துத்தான்.

ஸ்கோரோடு ஒரு தாளில் மாத்திரைப் பேர், டோஸ், எடை, கடைசி கிரியாட்டினின், வால்வு எப்படி என்று எழுதி, மருந்து டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைக்கலாம். கீழே ஒரு வரி காலியாக விடுங்கள்: கடைசி வேளை மாத்திரை போட்ட நேரம். கைகால் விழுந்து 108-இல் மதுரைக்கோ திருச்சிக்கோ போனால் சுமார் 90 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு மொத்தமே நாலரை மணி நேரம்தான் கெடு. புதிய ரக மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த ஊசி போடலாமா என்று முடிவெடுக்க அங்கே முதலில் கேட்பது அந்த வரியைத்தான்.